ஃபிளாட் சாவி வாங்கும் முன்: நல்ல ஆய்வு அறிக்கையை எழுதுவதும் படிப்பதும்

என் தம்பி மேடவாக்கம் பக்கம் மூன்று பெட்ரூம் ஃபிளாட் ஒன்று வாங்கினான். சாவி வாங்கும் முன் வீட்டைச் சோதிக்க ஆள் வைத்தான். 84 பக்கத்துக்கு அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், பக்கத்துக்கு நாலு கலர் படம். அதில் 61-ஆம் பக்கத்தில் ஒரு வரி: “பாத்ரூம் அருகே சுவரில் ஓதம் காணப்படுகிறது. தகுந்த நடவடிக்கை எடுக்கவும்.”

அந்த வீட்டில் மூன்று பாத்ரூம். “எந்த பாத்ரூம் சார்?” என்று சைட் இன்ஜினியர் கேட்டார். தம்பிக்குத் தெரியவில்லை. எழுதியவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பில்டர் ஆட்கள் மூன்று பாத்ரூமின் வெளிச்சுவருக்கும் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, “முடிந்தது” என்று டிக் போட்டுவிட்டார்கள். மூன்றே மாதத்தில் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் உப்பு பூத்தது.

ஆய்வு செய்தவர் திறமை இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். ஓதத்தை அவர் கண்டுபிடித்திருக்கிறார். அதை எழுதத்தான் தெரியவில்லை. அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்:

“மாஸ்டர் பெட்ரூம், கிழக்குச் சுவர். மறுபக்கம் அட்டாச்டு பாத்ரூமின் ஷவர். தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் வரை, 1.2 மீ. நீளத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்துள்ளது. ஈரமானி இங்கே 28 காட்டியது. அதே சுவரில் 2 மீ. தள்ளி 11. ஷவரை அரை மணி நேரம் திறந்துவிட்ட பின் 28 என்பது 34 ஆனது. ஷவர் பக்கத்து டைல் இணைப்பிலோ உட்குழாயிலோ கசிவு இருக்கலாம். குழாயை அழுத்தச் சோதனை செய்து, காரணம் தெரிந்து சரிசெய்த பின்பே பூச்சு வேலை செய்ய வேண்டும். படம் 14, 15.”

வீட்டைப் பார்க்காத ஒருவர், இந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, நேரே அந்தச் சுவருக்குப் போய் அதே இடத்தில் கை வைக்க முடியும். ஒரு ஆய்வு அறிக்கைக்கு நான் வைக்கும் பரீட்சை இது ஒன்றுதான். ஆய்வாளரை வேலைக்கு வைப்பவருக்கும், காசு மிச்சம் பிடிக்கத் தானே டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புபவருக்கும் சேர்த்தே கீழே உள்ளதை எழுதுகிறேன்.

1. எப்போது, யாரை வைத்து

பில்டர் “வீடு ரெடி” என்று சொன்ன பிறகு, நீங்கள் உடைமைக் கடிதத்தில், அதாவது வீட்டைப் பெற்றுக்கொண்டேன் என்ற கடிதத்தில், கையெழுத்துப் போடும் முன். இந்த இடைவெளிதான் உங்கள் கையில் பலம் இருக்கும் காலம். கடைசித் தவணையும் பாக்கி இருந்தால் இன்னும் நல்லது.

கையெழுத்துப் போட்ட பிறகு எல்லாம் போயிற்று என்றும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) 14(3) பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டட அமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கூடுதல் பணம் கேட்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ஆனால் “இது நீங்கள் குடிவந்த பிறகு ஆணி அடித்ததால் வந்த விரிசல்” என்று அவர் சொன்னால் என்ன காட்டுவீர்கள்? ஒப்படைத்த அன்று வீடு எப்படி இருந்தது என்பதற்கு, தேதி போட்ட அறிக்கையைவிட நல்ல சாட்சி இல்லை.

வீட்டு ஆய்வுக்கென்று நம் ஊரில் தனி உரிமம் கிடையாது. சிவில் படித்தவரும் செய்கிறார், இன்டீரியர் கம்பெனிக்காரரும் செய்கிறார். அதனால் சான்றிதழைக் கேட்பதைவிட, அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர், முகவரியை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு வரியை எடுத்து மேலே சொன்ன பரீட்சையை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். இன்னொன்றையும் கேளுங்கள்: வாட்டர்ப்ரூஃபிங் வேலையோ கெமிக்கல் விற்பனையோ அவரே செய்கிறாரா? செய்தால் அவர் கண்ணில் படும் சுவரெல்லாம் ஒழுகத்தான் செய்யும்.

2. முதல் பக்கம்: அன்று நிலவரம் என்ன?

பலர் தாண்டிப் போகும் பக்கம் இது. தேதி, வந்த நேரம், போன நேரம், யார் யார் கூட இருந்தார்கள், கரண்ட் இருந்ததா, தண்ணீர் வந்ததா, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று. இவை இல்லாமல் பின்னால் வரும் எந்த வரிக்கும் முழு அர்த்தம் கிடையாது.

மே மாதம் கத்திரி வெயிலில் பார்த்துவிட்டு “வெளிச்சுவரில் கசிவு இல்லை” என்று எழுதினால், அது உண்மைதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும் சென்னையில், அந்த உண்மையால் பயன் என்ன? நேர்மையான ஆய்வாளர் இப்படி எழுதுவார்: “கடந்த இரு மாதமாக மழை இல்லை. வெளிச்சுவர், ஜன்னல் ஓரங்களின் கசிவை இன்று உறுதிசெய்ய இயலாது. ஜன்னல்களில் மட்டும் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். முதல் பெருமழைக்குப் பின் மறுபடி பார்க்கவும்.”

இதன் கீழேயே, பார்க்க முடியாமல் போனவற்றின் பட்டியல் வர வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பூட்டியிருந்த லிஃப்ட் மெஷின் ரூம், மேல்வீட்டு பாத்ரூம், சுவருக்குள் போகும் வயர். இந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் வாடிக்கையாளர் கோபப்படுவார் என்று சிலர் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அது நீளமாக இருந்தால்தான் நிம்மதி. “பார்த்தோம், சரியாக இருக்கிறது” என்பதும் “பார்க்கவில்லை” என்பதும் அறிக்கையில் ஒரே வெற்றிடமாகக் கிடப்பதுதான் ஆபத்து.

3. ஒரு வரியின் உடற்கூறு

ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குள் வர வேண்டியவை: எந்த இடம், கண்ணால் கண்டது என்ன, எவ்வளவு, எப்படித் தெரிந்துகொண்டோம், காரணம் என்னவாக இருக்கலாம், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும்.

இடத்தைச் சொல்லும்போது அறை, திசை, பிறகு தரையிலிருந்தோ மூலையிலிருந்தோ அளவு. “இடது பக்கச் சுவர்” என்று எழுதாதீர்கள். உள்ளே போகிறவருக்கு இடது, வெளியே வருகிறவருக்கு வலது. திசை மாறாது.

கண்டதும் ஊகித்ததும் தனித்தனி வாக்கியமாக நிற்க வேண்டும். அறிக்கைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். “மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகுகிறது” என்பது ஊகம். “பாத்ரூம் சீலிங்கில் நஹானி ட்ராப் (மேல்வீட்டுத் தரை வடிகால்) குழாயைச் சுற்றி 40 செ.மீ. அகலத்துக்குப் பழுப்புக் கறை, தொட்டால் ஈரம்” என்பது கண்டது. ஊகம் தப்பாகப் போனாலும் கண்டது நிற்கும். இரண்டையும் கலந்து எழுதினால், பில்டர் தரப்பு ஊகத்தை உடைக்கும்போது கண்டதும் சேர்ந்து போய்விடும்.

விரிசலை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். “ஹாலில் விரிசல்” என்ற இரண்டு சொல்லுக்குள் நாலு வேறு வியாதி ஒளிந்திருக்கலாம்.

பூச்சின் மேல் வலைப்பின்னல் போல ஓடும் மயிரிழைக் கீறல், பூச்சு காயும்போது சுருங்கியதால் வருவது. கண்ணுக்கு அசிங்கம், அவ்வளவுதான். தூணும் செங்கல் அல்லது ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவரும் சேரும் இடத்தில் நூல் பிடித்தது போல நேராக மேலிருந்து கீழே இறங்கும் விரிசல், புது ஃபிளாட்டில் சகஜம். இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குபவை; இணைப்பில் கோழிவலை வைத்துப் பூசாமல் விட்டிருந்தால் பிளந்துகொள்ளும். அங்கே பட்டி மட்டும் வைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வரும். பூச்சை வெட்டி எடுத்து, வலை வைத்துப் பூசச் சொல்லி அறிக்கையிலேயே எழுத வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் மெலியும் விரிசல் வேறு கதை. லின்டலோ (ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை) அஸ்திவாரமோ அசைந்திருக்கலாம். கடைசி வகை, பீமிலோ சீலிங்கிலோ கம்பி போகும் வழியே நீளமாக ஓடி, துருக்கறையும் தெரிவது. உள்ளே கம்பி அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கடலோரமான திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளை மறுவிற்பனையில் வாங்குபவர்கள் இதை விசேஷமாகத் தேட வேண்டும். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பியை விடாது. கடைசி இரண்டுக்கும் “ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்க வேண்டும்” என்று எழுதுவதோடு ஆய்வாளர் நிறுத்திக்கொள்வதே மரியாதை.

விரிசலின் அகலத்தை மி.மீ. கணக்கில் எழுதுங்கள். அகலம் பார்க்கும் அட்டை விலை அதிகமில்லை. இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து அது வளர்ந்திருக்கிறதா என்று சுவரே சொல்லும்.

4. கருவி காட்டும் எண்ணை நம்பலாமா?

நம்பலாம், அது எதை அளக்கிறது என்று தெரிந்தால். ஈரமானிகள் பெரும்பாலும் மரத்துக்காக அளவு பொருத்தப்பட்டவை. சிமென்ட் பூச்சில் வைத்து 28 என்று வந்தால் சுவரில் 28 சதவீதம் ஈரம் என்று அர்த்தமில்லை. சுவரில் உப்பு ஏறியிருந்தாலும் எண் கூடும். அதே சுவரின் உலர்ந்த இடத்தோடு ஒப்பிடத்தான் அந்த எண். ஆகவே அறிக்கையில் ஒற்றை எண் தனியாக நின்றால் மதிக்காதீர்கள்; பக்கத்தில் ஒப்பீட்டு எண் இருக்க வேண்டும்.

தெர்மல் கேமராவுக்கும் இதே கதை. “சுவருக்குள் பார்க்கும் கேமரா” என்று விளம்பரம் செய்கிறார்கள். அது பார்ப்பது மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டும்தான். ஈரமான இடம் ஆவியாகிக் குளிர்ந்திருந்தால் நீலமாகத் தெரியும், ஏ.சி. காற்று படும் இடமும் அதே நீலம்தான். நீலப் படம் கிடைத்த இடத்தில் ஈரமானி வைத்து உறுதிசெய்தார்களா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் அந்தப் பக்கங்கள் வெறும் வண்ணக்கோலம்.

உண்மையில் நம் கொத்தனார் பையில் இருப்பதே பாதி வேலையை முடித்துவிடும். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், ஒரு டேப். கூடவே ஒரு ரூபாய் நாணயம்: டைலைத் தட்டிக்கொண்டே போனால், அடியில் சிமென்ட் பிடிக்காத இடம் பானையைத் தட்டியது போலச் சத்தம் கொடுக்கும். “சில டைல்கள் உள்ளீடற்றவை” என்று எழுதாமல், தரைப்படம் ஒன்று வரைந்து எந்த டைல் என்று பெருக்கல் குறி போடுங்கள்.

5. தண்ணீரும் கரண்டும்

கதவு, தாழ்ப்பாள், கைப்பிடி, பெயிண்ட் திட்டு இவற்றுக்கு ஆளுக்கொரு வரி போதும். அறிக்கையின் கனம் பாத்ரூமிலும் மின்பலகையிலும் இருக்க வேண்டும்.

பாத்ரூமில் முதலில் வாட்டம், அதாவது தரை வடிகால் பக்கம் சரிந்திருக்கிறதா என்பது. ஒரு பக்கெட் தண்ணீரை வாசல் பக்கம் கொட்டி, பத்து நிமிடம் கழித்து எங்கே தேங்குகிறது என்று பார்த்து, தேங்கிய ஆழத்தை ஸ்கேலால் அளந்து எழுத வேண்டும். பிறகு வடிகாலைத் துணியால் அடைத்து, தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட வேண்டும். இதில் பலர் மறப்பது, உங்கள் பாத்ரூம் ஒழுகினால் அது தெரிவது கீழ்வீட்டு சீலிங்கில். உங்கள் சீலிங்கில் தெரிவது மேல்வீட்டுக் கசிவு. ஆகவே கீழ்வீட்டைத் திறந்து காட்டச் சொல்லி பில்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். அறிக்கையில் இரண்டு வீட்டு எண்ணும், தண்ணீர் கட்டிய நேரமும், கீழே போய்ப் பார்த்த நேரமும் இருக்க வேண்டும். “வாட்டர்ப்ரூஃபிங் சரி” என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் அவர் கீழே போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மின்பலகையில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா? ஆள் உயிரைக் காப்பது அந்த அளவுதான். 100 அல்லது 300 என்று இருந்தால் அது தீவிபத்துக்கான காப்பு. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா? விழுந்தால் அந்தக் கருவி வேலை செய்கிறது என்று மட்டுமே தெரியும், வீட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று தெரியாது. எர்த்தை ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்று விளக்கு எரியும் மலிவு டெஸ்டர் எர்த் இல்லாததைக் காட்டும். நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் காட்டாது. இதை எழுதும் ஆய்வாளரை நான் பார்த்தது மிகக் குறைவு.

கீசருக்கும் ஏ.சி.க்கும் போகும் வயர் எத்தனை சதுர மி.மீ., அதற்குப் போட்டிருக்கும் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர் என்று எழுதச் சொல்லுங்கள். மெல்லிய வயருக்குப் பெரிய எம்.சி.பி. போட்டிருந்தால், வயர் சூடாகி உருகும் வரை எம்.சி.பி. விழாது. இது சிவப்புக் குறை, அதாவது உயிருக்கு ஆபத்து.

பால்கனிக் கைப்பிடியின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குறைந்தது 1 மீ. என்கிறது. டைல் ஒட்டித் தரை உயர்ந்த பிறகு மீதம் உள்ள உயரம்தான் கணக்கு.

கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பை, லேசர் மீட்டரில் அளந்து, ஒப்பந்தத்தில் உள்ள அளவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். சட்டப்படி இதில் வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களின் பரப்பு சேரும். வெளிச்சுவரும், பால்கனியும், குழாய் போகும் ஷாஃப்ட்டும் சேராது. உட்சுவர்களைச் சேர்க்காமல் அளந்துவிட்டு “30 சதுர அடி குறைகிறது” என்று சண்டைக்குப் போய் அவமானப்பட்டவர்கள் உண்டு.

6. படங்கள்

ஒரு குறைக்கு இரண்டு படம்: தள்ளி நின்று ஒன்று, சுவரில் எந்த இடம் என்று தெரிய, கிட்டப்போய் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து. கிட்டப் படம் மட்டும் இருந்தால் எல்லா ஓதமும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நிலாவின் மேற்பரப்பு மாதிரி. படத்தின் கீழே குறை எண் இருக்கட்டும். குறை எண் இல்லாத முந்நூறு படத்தைக் கடைசியில் சேர்த்து 84 பக்கம் ஆக்குவது யாருக்கும் உதவாது.

7. தரம் பிரித்தல்

மூன்று நிறம் போதும். உயிருக்கோ கட்டடத்துக்கோ ஆபத்து என்றால் சிவப்பு. விட்டால் வளரும் என்றால் மஞ்சள். தண்ணீர் சம்பந்தப்பட்ட எதையும் இதற்குக் கீழே இறக்கக் கூடாது. பார்வைக்கு மட்டும் என்றால் பச்சை. பத்துக்கு ஏழரை என்று வீட்டுக்கு மதிப்பெண் போடுகிற அறிக்கைகளும் வருகின்றன. எர்த் இல்லாத வீட்டில் டைல் பளபளப்பாக இருந்தால் அந்த ஏழரைக்கு என்ன பொருள்? எனக்குப் புரிந்ததில்லை.

எல்லாவற்றையும் சிவப்பாக்காதீர்கள். இருபது சிவப்பு கொண்டுபோனால் பில்டர் அலுவலகத்தில் ஒன்றைக்கூடச் சிவப்பாகப் பார்க்கமாட்டார்கள். முதல் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் சிவப்பும் மஞ்சளும் மட்டும் ஒரே தாளில் வரட்டும். சைட் இன்ஜினியர் படிப்பது அந்தத் தாளை மட்டும்தான்; அதை அவருக்காகவே எழுதுங்கள்.

8. கொடுப்பதும் திரும்பப் பார்ப்பதும்

அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, அச்சுப்பிரதி ஒன்றில் பில்டர் தரப்பின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு நீல டிக்கை நம்பி உட்கார வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் எதிரே மூன்று கட்டம் காலியாக இருக்கட்டும்: என்ன செய்தார்கள், எந்தத் தேதியில், மறு ஆய்வில் கண்டது. மறு ஆய்வுக்கும் சேர்த்தே ஆரம்பத்தில் கட்டணம் பேசிவிடுங்கள். அது இல்லாத ஆய்வு பாதி ஆய்வு.

மறு ஆய்வில் பழைய எண், பழைய இடம், பழைய கருவி, பழைய முறை. ஷவரை அரை மணி நேரம் திறந்து 34 வந்த இடத்தில், மறுபடி அரை மணி நேரம் திறந்து எத்தனை வருகிறது என்று எழுத வேண்டும். புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது என்பதால் “சரி” என்று போட்டுவிடக் கூடாது. சரியாகாத குறைகளை உடைமைக் கடிதத்திலேயே எண் போட்டுக் குறிப்பிட்டு, அதன் கீழ் கையெழுத்துப் போடுங்கள். பேச்சு எடுபடாவிட்டால் ரெரா ஆணையத்தில் 31-வது பிரிவின்படி புகார் கொடுக்கலாம். அப்போது கூட வைக்க வேண்டியவை இந்த அறிக்கை, அனுப்பிய மின்னஞ்சல், கையெழுத்து வாங்கிய பிரதி.

தம்பி வீட்டில் கடைசியில் நானும் அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் ஈரமானியும் எடுத்துக்கொண்டு போய், அந்த ஒரு சுவருக்கு மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். பத்து நாளில் பிளம்பர் வந்து ஷவரின் டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் வால்வு) பக்கத்து டைல் இரண்டை உடைத்தார். உள்ளே குழாய் வளையும் எல்போ இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. சுவர் காய ஆறு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் பெயிண்ட்.